வெயிலில் சாயம் வெளுக்கும்; தண்ணீர் சுத்தமாகுமா?

கொடியில் துணி காயப்போடும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடச் சொல்வார்கள் வீட்டில். கேட்காமல் ஒரு கறுப்புச் சட்டையைக் கோடை முழுக்க மொட்டைமாடியில் காயவிட்டால், தோள்பட்டை மட்டும் பழுப்பேறிப் போயிருக்கும். க்ளிப் மாட்டிய இடத்தில் பழைய கறுப்பு சின்னச் சதுரமாக மிச்சமிருக்கும். வெயில் சாயத்தைத் தின்றுவிட்டது என்போம். ஏறக்குறைய அதுதான் நடந்தும் இருக்கிறது. ஒளி பட்டுப் பட்டு சாய மூலக்கூறு உடைகிறது. உடைந்த துண்டுகளுக்கு நிறம் இல்லை.

இதே வேலையைத் துணியில் அல்லாமல் சாயப்பட்டறையிலிருந்து வெளியேறும் தண்ணீரில் செய்ய முடியுமா? அதுவும் மாதக்கணக்கில் காத்திருக்காமல், சில மணி நேரத்தில்? முடியும், அதற்கு ஒரு பொடி வேண்டும். அந்தப் பொடிக்குப் பெயர் ஒளிவினையூக்கி. ஒளி பட்டால் வேலை செய்யும், வேலை முடிந்தபின் தான் அப்படியே இருக்கும். கேட்க இவ்வளவு நன்றாக இருக்கிற ஒன்று ஏன் இன்னும் ஊர் ஊராக வரவில்லை என்பதையும் சேர்த்தே பார்ப்போம். எனக்கு அந்தப் பாதிதான் கூடுதல் சுவாரசியம்.

முதலில் அந்தத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது? திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஓடும் பனியன், டி-சர்ட் துணியில் பெரும்பகுதி பருத்தி. பருத்திக்கு இன்று அதிகம் போடுவது ரியாக்டிவ் சாயம். துணியின் செல்லுலோசோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும் ரகம் இது, அதனால்தான் துவைத்தாலும் எளிதில் போவதில்லை. சிக்கல் என்னவென்றால், இந்தச் சாயம் துணியோடு மட்டும் வினைபுரிவதில்லை, சுற்றியிருக்கும் தண்ணீரோடும் வினைபுரிந்துவிடும். அப்படித் தண்ணீரிடம் மாட்டிய சாயம் அதன்பிறகு துணியில் பிணையாது. சாயத்தின் வகையையும் நிறத்தின் அடர்த்தியையும் பொறுத்து, போட்டதில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை இப்படி வீணாகி வெளியே போகும்.

கூடவே உப்பு. கரைந்து கிடக்கும் சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவதற்குச் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ கொட்டியாக வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேலே போகும். கடல்நீரிலேயே 35 கிராம்தான். அப்புறம் பிணைப்பு உண்டாகக் காரம் வேண்டும், அதற்குச் சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். உப்பையும் சோடா ஆஷையும் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் இரண்டும் தொல்லை கொடுக்க வரும்.

இந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில்தான் போய்ச் சேர்ந்தது. பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் மறுபடி ஓடத் தொடங்கின. பாக்டீரியாவை வைத்து ஒரு சுற்றுச் சுத்திகரிப்பு, பிறகு ஆர்ஓ, அதில் மிஞ்சும் கெட்டித் தண்ணீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து உப்பாக எடுப்பது என்று போகிறது அந்த வரிசை. வேலை செய்கிறது, ஆனால் மின்சாரமும் விறகும் எக்கச்சக்கமாகத் தின்னும்.

பாக்டீரியாவுக்குச் சாயத்தைச் செரிப்பது கஷ்டம். அது அதன் தப்பில்லை. வெயில், வியர்வை, சோப்பு எதற்கும் அசையாத மூலக்கூறாக இருக்கவேண்டும் என்றுதான் சாயத்தையே வடிவமைக்கிறார்கள். கடையில் நமக்குப் பிடித்த அந்தக் குணமே சாக்கடையில் பகையாகிவிடுகிறது. கரித்தூளைப் போட்டு உறிஞ்சவைக்கலாம், படிகாரம் போன்ற எதையாவது கலந்து கசடாகக் கீழே இறக்கலாம். ஆனால் இவை எல்லாம் சாயத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறவை. தண்ணீரில் இருந்த தொல்லை கசடு மூட்டையில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒளிவினையூக்கியின் மேல் ஆராய்ச்சியாளர்களுக்கு இருக்கும் மோகத்துக்குக் காரணம், அது இடம் மாற்றுவதில்லை, மூலக்கூறையே உடைத்துவிடுகிறது என்பதுதான்.

அந்தப் பொடி எது? மிகப் பழகியது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர் பெரிதாக இருந்தாலும் ஆள் தெரிந்தவர்தான். சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டில் இருக்கிறது, சன்ஸ்கிரீனில் இருக்கிறது, பாலியஸ்டர் நூலின் பளபளப்பைக் குறைக்கவும் இதைத்தான் கலக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் கிடைக்கும் இல்மனைட் என்ற கனிமம்தான் இதற்கு மூலப்பொருள். பழைய பெயிண்ட் அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் மாவு மாதிரி ஒட்டுமே, அதில் இந்தப் பொடிக்கும் பங்கு உண்டு. வெயில் பட்டு, தன்னைச் சுற்றியுள்ள பெயிண்டின் பசையை இது மெல்ல அரித்துவிடும். அதனாலேயே பெயிண்டுக்கு விற்கும் டைட்டானியம் துகள்கள்மேல் சிலிக்கா, அலுமினா பூசி அடக்கிவைக்கிறார்கள். பெயிண்டுக்காரர்கள் அடக்கிவைத்த அதே குணத்தைத்தான் கழிவுநீர்க்காரர்கள் அவிழ்த்துவிடப் பார்க்கிறார்கள்.

இந்தக் குணத்தை உலகம் கவனித்ததற்கு ஒரு ஜப்பானிய மாணவர் காரணம். 1967ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த அகிரா ஃபூஜிஷிமா, தண்ணீருக்குள் வைத்த டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தில் ஒளியைப் பாய்ச்சினார். குமிழி வந்தது. ஒளியே தண்ணீரைப் பிளந்துகொண்டிருந்தது. 1972ல் இருவரும் இதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். தண்ணீரையே பிளக்கும் என்றால் தண்ணீரில் இருக்கும் நஞ்சைப் பிளக்காதா என்று மற்றவர்கள் இறங்க அதிக நாள் ஆகவில்லை.

சரி, பொடிக்குள் என்ன நடக்கிறது? டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. அதன் எலக்ட்ரான்கள் எல்லாம் கீழே முற்றத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு திண்ணை, காலியாக இருக்கிறது. இடையில் படி கிடையாது. ஒரே எட்டில் ஏறினால்தான் உண்டு. அந்த எட்டுக்குத் தேவையான ஆற்றலை ஒளித்துகள் ஒன்று, அதாவது ஒரு ஃபோட்டான், கொடுக்கவேண்டும். இந்தத் திண்ணையின் உயரம் சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். அந்த அளவு ஆற்றல் 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள ஒளியில்தான் உண்டு. கண்ணுக்குத் தெரியாத புறஊதா அது. சிவப்பு ஒளியை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. ஒரு பெரியவர் எட்டிவைத்து ஏறிவிடும் திண்ணையில், நூறு குழந்தைகள் சேர்ந்து குதித்தாலும் ஒரு குழந்தைகூட ஏறமுடியாது இல்லையா, அப்படி.

எலக்ட்ரான் மேலே ஏறியதும் கீழே அது நின்ற இடம் காலியாகிறது. இயற்பியலில் இதற்குத் துளை என்றே பெயர். இந்தத் துளை சும்மா இருக்காது, பக்கத்தில் எது கிடைத்தாலும் அதிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் துடிக்கும். துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் தண்ணீரிடம் பிடுங்கினால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற ஒன்று பிறக்கிறது. ரேடிக்கல் என்றால் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும், எதிரில் இருப்பதோடு உடனே வினைபுரியும் துண்டு. மேலே ஏறிய எலக்ட்ரானைத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு, அதுவும் வேறொரு ரேடிக்கலாகிறது. காற்றைக் குமிழியாக ஊதிக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஹைட்ராக்சில் ரேடிக்கல்தான் இங்கே முக்கியமான ஆள். ஆக்சிஜனேற்றும் வலிமையில் குளோரினையும் ஓசோனையும் தாண்டியது. எந்தக் கரிம மூலக்கூறு என்று பார்க்காது, எதிரில் இருப்பதை அடிக்கும். சாயங்களில் பாதிக்கும் மேல் அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கைகோத்து நிற்கும் இடம்தான் அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். அந்த இடத்தில் அடி விழுந்தால் நிறம் போச்சு. மேலும் மேலும் அடித்தால் வளையங்கள் உடைந்து, சிறிய அமிலங்களாகி, கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் கொஞ்சம் நைட்ரேட்டும் சல்பேட்டும் மிஞ்சும். ரேடிக்கலின் ஆயுள் மிகமிகக் குறைவு. பிறந்த இடத்தைவிட்டு நகர்வதற்குள் முடிந்துவிடும். அதனால் சாயம்தான் பொடியைத் தேடி வந்து ஒட்டவேண்டும். கூடவே இன்னொரு தடையும் உண்டு. ஏறிய எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை ஆக்சிஜனைச் சந்திப்பதற்கு முன்பே திண்ணையிலிருந்து தன் துளைக்குள்ளேயே திரும்ப விழுந்துவிடுகின்றன. வாங்கிய ஒளி வெறும் சூடாகப் போய்விடும்.

பள்ளிக்கூட அளவில் இவ்வளவுதான் பாடம். ஆய்வகத்தில் செய்து பார்த்தாலும் அழகாகவே இருக்கும். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கரைத்த பீக்கரில் ஒரு சிட்டிகை பொடி, மேலே ஒரு புறஊதா விளக்கு. ஒரு மணி நேரத்தில் நீலம் காணாமல் போகும். புகைப்படத்துக்கு ஏற்ற ஆராய்ச்சி.

ஆனால் நிறம் காணாமல் போவதும் சாயம் காணாமல் போவதும் ஒன்றில்லை. இந்தத் துறையைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். கல்லூரி வேதியியல் கூடங்களில் காட்டும் ஒரு வேடிக்கை உண்டு. குளுக்கோசும் காரமும் கலந்த தண்ணீரில் மெத்திலீன் நீலத்தைச் சில சொட்டு விட்டு, பாட்டிலை மூடி வைத்தால் நிறமே போய்விடும். குலுக்கினால் காற்று கலந்து மறுபடி நீலம். சாயம் எங்கேயும் போகவில்லை, வேறு உருவத்தில் உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தது. அசோ சாயத்தில் நடக்கக்கூடியது இதைவிட மோசம். காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா அந்த நைட்ரஜன் பிணைப்பை அறுத்தால் நிறம் போய்விடும். மிஞ்சுவது அரோமேட்டிக் அமீன்கள், அதாவது கார்பன் வளையத்தில் நைட்ரஜன் ஒட்டிய துண்டுகள். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. இத்தகைய அமீன்களாக உடையும் சாயங்களைத் துணிகளில் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்திருக்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், குடித்தால் தெரியும். அதனால்தான் நிறத்தை மட்டும் அளக்காமல், கரைந்திருக்கும் மொத்தக் கரிமம் எவ்வளவு குறைந்தது என்று அளக்கவேண்டும். எல்லா ஆய்வுகளும் இதை அளப்பதில்லை.

அப்புறம் அந்த மெத்திலீன் நீலம். திருப்பூரில் டி-சர்ட்டுக்கு யாரும் மெத்திலீன் நீலம் போடுவதில்லை. பிறகு ஏன் ஆய்வகத்துக்கு அது இவ்வளவு செல்லம்? மலிவு, அளப்பது சுலபம் என்பதெல்லாம் உண்டு. இன்னொரு வசதியும் இருக்கிறது. அது நேர்மின்னூட்டம் கொண்ட சாயம். டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு, தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் ஆறு ஏழுக்கு மேலே போனால் எதிர்மின்னூட்டம் பெறும். இரண்டும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் ஓடும் ரியாக்டிவ் சாயமோ சல்ஃபோனேட் தொகுதிகளைச் சுமக்கும் எதிர்மின்னூட்டக்காரர். சோடா ஆஷ் போட்டதால் தண்ணீரும் காரம். பொடியும் எதிர், சாயமும் எதிர், ஒன்றையொன்று தள்ளும். ரேடிக்கலின் கைக்கெட்டும் தூரத்துக்குச் சாயம் வரவே தயங்கும்போது அடி எங்கே விழப்போகிறது? போதாததற்கு, சோடா ஆஷின் கார்பனேட்டும் உப்பின் குளோரைடும் ரேடிக்கல்களை இடையிலேயே பிடித்துத் தின்றுவிடும். நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான். தூய தண்ணீரில் கரைத்த சாயத்தில் கிடைக்கும் வேகத்தைப் பட்டறைத் தண்ணீரில் எதிர்பார்க்கக்கூடாது.

வெயிலால் எவ்வளவு முடியும் என்று ஒரு கைக்கணக்கும் போடலாம். தோராயம்தான். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் மொத்த ஆற்றல் சுமார் 1000 வாட். அதில் புறஊதா நூற்றில் நான்கைந்து பங்குதான், 45 வாட் என்று வைப்போம். நாளுக்கு 5 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 800 கிலோஜூல். ஃபோட்டான் கணக்கில் 2.5 மோல் (மோல் என்பது டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை, கொஞ்சம் பெரிய டஜன்). நூறு ஃபோட்டானில் ஐந்து உருப்படியாக வேலை செய்யும் என்று தாராளமாகவே வைத்தால், ஒரு நாளில் 0.12 மோல் அடி கிடைக்கும்.

இதை எதன்மேல் செலவழிப்பது? லிட்டருக்கு 50 மில்லிகிராம் ரியாக்டிவ் பிளாக் 5 கரைந்த தண்ணீர் என்று எடுத்துக்கொள்வோம். கறுப்புக்கும் கருநீலத்துக்கும் உலகம் முழுக்கப் போடும் சாயம் அது. ஒரு மூலக்கூறில் இரண்டு அசோ பிணைப்பு, அவற்றை உடைக்க இரண்டு அடி போதும் என்றால், அந்த ஒரு சதுர மீட்டர் வெயில் ஆயிரம் லிட்டருக்கு மேல் வெளுத்துவிடும். மூலக்கூறை முழுதாக எரித்துத் தீர்க்க நூற்றுக்கும் மேற்பட்ட அடிகள் தேவை. அப்போது அதே வெயிலுக்குக் கிடைப்பது 20 லிட்டர். அடுத்து, சாயத்தோடு சோப்பு, பசை, மெழுகு எல்லாம் சேர்ந்த நிஜக் கழிவுநீர். லிட்டருக்கு 500 மில்லிகிராம் சிஓடி, அதாவது அதிலுள்ள அழுக்கை முழுக்க எரிக்க அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும். இப்போது நாளுக்கு 2 லிட்டர்தான். கரைந்த ஆக்சிஜனும் கைகொடுக்கும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடலாம், உப்பினால் குறையலாம். ஆனால் ஆயிரம், இருபது, இரண்டு என்ற இந்த இறக்கத்தைப் பாருங்கள். வெளுப்பதற்கும் சுத்தம் செய்வதற்கும் நடுவில் உள்ள தூரம் அது. ஒரு கிலோ துணிக்குச் சாயமேற்றி அலசி முடிக்கப் பல பத்து லிட்டர் தண்ணீர் போகும் தொழிலில், பட்டறைக் கழிவு மொத்தத்தையும் வெயிலில் காட்டிச் சுத்தம் செய்ய ஊரையே கண்ணாடித் தொட்டியாக மாற்றவேண்டியிருக்கும்.

விளக்கு வைத்தால் என்ன என்று கேட்கலாம். இரவிலும் ஓடும், இடமும் மிச்சம். ஆனால் மின்சாரக் கட்டணம் வரும், வெயில் இலவசம் என்ற கவர்ச்சியும் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் பொடியைத் தேடுவது இன்னொரு வழி. வெயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு அந்த ஒளிதானே. பிஸ்மத் வனடேட், 2009க்குப் பிறகு பேர் வாங்கிய கார்பன் நைட்ரைடு என்று நீளும் பட்டியல் இது. இங்கே திண்ணையின் உயரத்தைக் குறைக்கிறார்கள். தாழ்த்தினால் பலபேர் ஏறலாம்தான், ஆனால் தாழ்ந்த திண்ணையிலிருந்து குதித்தால் வேகமும் குறைவாகத்தானே இருக்கும். கார்பன் நைட்ரைடின் துளைக்குத் தண்ணீரை நேரடியாக ஹைட்ராக்சில் ரேடிக்கலாக்கும் வலிமை இல்லை, சுற்றுவழியில்தான் போகவேண்டும். காட்மியம் சல்பைடும் இந்த வரிசையில் அடிக்கடி வரும். ஒளி பட்டால் அதுவே கரைந்து காட்மியத்தைத் தண்ணீரில் விடும். சாயத்தை எடுக்கக் காட்மியத்தைப் போடுவது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பொடியைத் திரும்ப எடுப்பதும் சாதாரண வேலை இல்லை. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் பி25 என்ற ரகத்தின் துகள் இருபது சொச்சம் நானோமீட்டர்தான். காபி ஃபில்டர் மாதிரி ஏதோ ஒன்றில் வடிகட்டிவிட முடியாது. கண்ணாடியிலோ சிறு மணிகளிலோ பூசி ஒட்டவைத்தால் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறைந்து வேகமும் குறையும். ஸ்பெயினின் தெற்கில், வறண்ட அல்மேரியாவில் இருக்கும் சூரிய ஆற்றல் ஆய்வு மையத்தில் வளைந்த அலுமினியக் கண்ணாடிகளுக்கு நடுவே கண்ணாடிக் குழாய் வைத்து, கழிவுநீரைச் சுழலவிட்டுப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். அங்கே டைட்டானியத்தோடு, இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த ஃபென்டன் முறையையும் வெயிலில் ஓட்டுகிறார்கள். வேகத்தில் அது பல இடங்களில் முந்தும். ஆனால் தண்ணீரை பிஎச் மூன்றுக்கு இறக்கி, பிறகு மறுபடி ஏற்றவேண்டும். காரமான சாயத்தண்ணீரில் அமிலம் ஊற்றி, அப்புறம் காரம் ஊற்றி, கடைசியில் உப்பு இன்னும் கூடியிருக்கும்.

அந்த உப்புக்கு இந்த முறைகள் எதுவும் பதில் இல்லை. சோடியமும் குளோரைடும் உடைப்பதற்கு எதுவும் இல்லாத அயனிகள். நொய்யல் படுகை நிலங்களைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். எவ்வளவு நல்ல ஒளிவினையூக்கி வந்தாலும் ஆர்ஓவும் எவாப்பரேட்டரும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படியானால் இதற்கு இடம் எங்கே? என் கணிப்பில், வரிசையின் நடுவில். பாக்டீரியா தன்னால் முடிந்ததைத் தின்று முடித்தபின், ஆர்ஓ சவ்வுக்குப் போவதற்கு முன். அங்கே சிஓடி லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு இறங்கியிருந்தால், நம் கைக்கணக்கின் 2 லிட்டர் 20 லிட்டராகும். பாக்டீரியாவிடம் தப்பிய முரட்டு மூலக்கூறுகள் மட்டும்தான் மிச்சம், ரேடிக்கலுக்கு வீண்வேலை இல்லை. சவ்வில் பிசின் மாதிரிப் படிந்து அடைக்கும் கரிமமும் குறையும். இல்லையென்றால் முன்னாலேயே வைத்து, சாயத்தைப் பாதிவரை மட்டும் உடைத்து, மிச்சத்தைப் பாக்டீரியா செரிக்கும்படி விடலாம்.

"புதிய நானோ பொருள்: ஒரு மணி நேரத்தில் 98 சதவீதச் சாயம் நீக்கம்" என்று செய்தி வந்தால், இனி நான்கைந்து கேள்வியோடு படிக்கலாம். எந்தச் சாயம், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், உப்பும் சோடா ஆஷும் அந்தத் தண்ணீரில் இருந்தனவா, வெயிலா விளக்கா? விளக்கை அணைத்து வைத்தபோது பொடி எவ்வளவு சாயத்தை வெறுமனே உறிஞ்சியது என்று தனியாக அளந்தார்களா? 98 என்பது நிறமா, கரிமமா? பல செய்திகளில் கடைசிக் கேள்விக்கான பதில் நிறம் என்றே இருக்கும்.